மூல ஒலி மறையலாமா?

சினிமாப் படம் கண்ணுக்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. பேசும் படம் தோன்றிய நாள் முதலாக அதில் பாதி காதுக்கு உரியது. இது எல்லோரும் அறிந்த விஷயமே. ஆயினும், பழைய படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், கண்ணுக்குரிய பாதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பிலிமில் விழுந்த கீறலைப் போக்கவும், மங்கிய வர்ணத்தை மீட்கவும் பணமும் உழைப்பும் ஏராளமாகச் செலவாகின்றன. அது நியாயமான செலவுதான். ஆனால் அதே படத்தின் ஒலி விஷயத்தில் நடப்பது என்ன? பழைய ஒலியைத் துடைத்து வைப்பதோடு நில்லாமல், பல சமயங்களில் அதையே அகற்றிவிட்டு வேறொன்றை அந்த ஸ்தானத்தில் அமர்த்திவிடுகிறார்கள். புதிய ஒலி அமைப்பு என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். பழைய ஒலி எங்கே போயிற்று என்பதை மாத்திரம் அச்சிடுவதில்லை.

அவ்வாறு அகற்றப்பட்ட ஒலியைக் கேட்க விரும்புகிறவன் எங்கே போவான்? கம்பெனிகளின் பெட்டகம் அவனுக்குத் திறக்காது. வழக்கொழிந்துபோன வீடியோ நாடாக்களும் லேஸர் தட்டுகளுமே பல படங்களின் விஷயத்தில் அவனுக்கு மிஞ்சிய கதி. அந்த நாடாக்களும் தட்டுகளும் நாளுக்கு நாள் கெட்டு வருகின்றன; அவற்றை ஓட்டும் யந்திரங்களின் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆகவே அவற்றிலுள்ள ஒலியை இப்பொழுதே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதும், அந்த வேலையைச் சில தனி ரஸிகர்களின் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் வாளாவிருக்கலாகாது என்பதும் நமது அபிப்பிராயம்.

பரிசு பெற்ற ஒலியின் கதி

இது மிகைப்பட்ட பேச்சு என்று நேயர்கள் நினைக்கலாம். இரண்டு மூன்று அமெரிக்கப் படங்களின் சரித்திரத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஸ்டீவன் ஸ்பில்பர்க் டைரக்ட் செய்த 'ஜாஸ்' 1975-ல் வெளிவந்தது. அதன் ஒலி ஒற்றைத் தடத்தில் அமைந்தது. சிறந்த ஒலிக்கான அகாடமிப் பரிசு அந்த ஒற்றைத் தட ஒலிக்கே கிடைத்தது. 2000-ல் அப்படத்தின் 25-வது வருஷ நிறைவுக்காக டி.வி.டி. வெளியிட்டார்கள். அதில் பல ஸ்பீக்கர்களில் கேட்பதற்கென்று புதிதாக அமைத்த ஒலி இருந்தது. பரிசு பெற்ற ஒலி இல்லை! 2012-ல் வந்த ப்ளூ-ரே தட்டில் மூல ஒலியையும் புதிய ஒலியையும் ஒன்றாக வைத்தார்கள். அந்த டி.வி.டி. வந்த காலத்தில் மூல ஒலியைக் கேட்க விரும்பியவன் முந்திய வீடியோப் பதிப்புகளைத் தேடியே அலைய நேர்ந்தது.

வால்ட் டிஸ்னியின் 'பான்டேஸியா' இன்னும் விசித்திரமான உதாரணம். 1940-ல் வெளியான இப்படத்தில், ஸ்டொகாவ்ஸ்கி நடத்திய வாத்திய இசைக்கு இணங்கச் சித்திரங்கள் இயங்கும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்பாக டீம்ஸ் டெய்லர் என்ற சங்கீத விமர்சகர் தோன்றி முன்னுரை கூறுவார். 1982-ல் ஸ்டொகாவ்ஸ்கியின் இசை முழுவதையும் நீக்கிவிட்டு, வேறொருவர் நடத்திய புதிய டிஜிட்டல் பதிவைச் சேர்த்து இப்படத்தைக் காட்டினார்கள். 1990-ல் அத்தவற்றைத் திருத்தி மூல இசைக்குத் திரும்பினார்கள். ஆனால் 2000-ல் வேறொரு கஷ்டம் முளைத்தது. முதன் முதலில் காட்டப்பட்ட நீண்ட படத்தில் டெய்லரின் முன்னுரைகளும் நீண்டவை. பின்னர் பொதுவாக வெளியான பிரதிகளில் அவை சுருக்கப்பட்டிருந்தன. நீண்ட பதிப்பை மீட்க முயன்றபோது, விடுபட்ட வாக்கியங்களின் ஒலி உபயோகத்துக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. ஆகவே கோரி பர்ட்டன் என்ற குரல் நடிகரைக் கொண்டு டெய்லரின் பேச்சு முழுவதையும் மறுபடி பேச வைத்தார்கள். காணாமற் போன வாக்கியங்களுக்காக, காணாமற் போகாத வாக்கியங்களும் பலியாயின. திரையில் தோன்றுவது டெய்லர், பேசுவது வேறொருவர். டெய்லரின் சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமாயின், 1991-ல் நாடாவாகவும் லேஸர் தட்டாகவும் வெளியான பதிப்பைத்தான் தேட வேண்டும்.

'ஸ்டார் வார்ஸ்' படத்தின் கதை உலகப் பிரசித்தம். 1977-ல் அது வெளியானபோது அதற்கு மூன்று வெவ்வேறு ஒலிக்கலவைகள் செய்யப்பட்டன: 70 மில்லிமீட்டர் பிரதிக்கு ஆறு தடங்கள், 35 மில்லிமீட்டர் பிரதிக்கு டால்பி ஸ்டீரியோ, சாதாரணக் கொட்டகைகளுக்கு ஒற்றைத் தடம். ஒற்றைத் தடத்தில் கேட்கும் சில வசனங்கள் ஸ்டீரியோவில் இல்லை. ஆக, மூலம் என்பதே இங்கே மூன்று. இதைப் படைத்த ஜார்ஜ் லூகாஸ் 1988-ல் அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டி முன் சாக்ஷி சொல்லி, பழைய படங்களைப் பின்னால் வந்தவர்கள் மாற்றுவதை வன்மையாகக் கண்டித்தார். மறுவருஷம் அந்நாட்டின் தேசியத் திரைப்படப் பட்டியலில் முதலாவதாகச் சேர்க்கப்பட்ட 25 படங்களில் இதுவும் ஒன்றாயிற்று. 1997-ல் அவரே காட்சிகளையும் ஒலியையும் மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டார். 2006-ல் பழைய வடிவத்தையும் டி.வி.டி.யில் தர இசைந்தபோது, 1993-ல் லேஸர் தட்டுக்காகத் தயாரித்த வீடியோப் பிரதியையே எடுத்துக் கொடுத்தார்கள். வழக்கொழிந்த தட்டுக்கு இதைவிடச் சிறந்த நற்சாக்ஷிப் பத்திரம் வேண்டுமோ?

நாடாவும் தட்டும்

பழைய ஒலி இவற்றில் தங்கியதற்குக் காரணம் எளியது. 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் வீட்டில் ஐந்தாறு ஸ்பீக்கர் வைத்துப் படம் பார்ப்பவர் அரிது. ஆகவே கம்பெனிகள் கொட்டகையில் ஒலித்ததையே பெரும்பாலும் அப்படியே நாடாவிலும் தட்டிலும் ஏற்றின. 1990-களின் பிற்பகுதியில் டி.வி.டி. வந்து, பல தட ஒலி விற்பனைச் சரக்கான பிறகே பழைய ஒலியைக் கலைத்துப் புதிதாக அடுக்கும் வழக்கம் பெருகிற்று.

ஜப்பானிய ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாவில், ஒலி ஓர் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பதியும். பாட்டுக் கேட்கும் சாதாரணக் காஸெட் ஒரு விநாடியில் சுமார் 48 மில்லிமீட்டர் ஓடுகிறது. அமெரிக்க முறை வி.எச்.எஸ். நாடாவோ சுமார் 33 மில்லிமீட்டரே ஓடுகிறது. மெதுவாக ஓடும் நாடாவில் நுண்ணிய ஒலி நிற்பதில்லை. பின்னர் வந்த ஹை-பை முறையில், சுழலும் உருளையிலுள்ள தலைகளைக் கொண்டே ஒலியையும் படத்தோடு பதிந்தார்கள். அந்நாடாக்களின் ஒலி மிகவும் மேலானது. பழைய நாடா என்றாலே கரகரப்பு என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அறிய வேண்டும்.

1978-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லேஸர் தட்டு அதனினும் உயர்ந்தது. சுமார் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அத்தட்டைப் பார்த்தால் பழைய கிராமபோன் தட்டு நினைவுக்கு வரும். அதில் படம் பழைய முறையில் பதிந்தது. ஒலியோ 1980-களில் டிஜிட்டல் ஆயிற்று. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அதாவது இசைக்குரிய சி.டி.யின் தரமே. கணக்கிட்டால் விநாடிக்கு 1,411 கிலோபிட் வருகிறது. பின்னால் வந்த டி.வி.டி.யில் டால்பி முறையில் ஆறு தடங்களையும் சுருக்கி அடைத்தபோது கொடுக்கப்பட்ட அதிக அளவு 448 கிலோபிட்தான். புதியது எல்லாம் உயர்ந்தது என்று எண்ணுவோர் இந்தக் கணக்கைச் சற்று யோசிப்பார்களாக.

நாடா விஷயத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. கொட்டகையில் விநாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. நம் தேசத்திலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் வழங்கிய பால் முறை டெலிவிஷனுக்கு 25 தேவை. ஆகவே படத்தை நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் வேகமாக ஓட்டியே அந்நாடாக்களில் பதிந்தார்கள். இதனால் இரண்டரை மணிப் படம் ஆறு நிமிஷம் குறைந்துவிடும். அதைவிட விபரீதம், சுருதி ஏறிவிடும். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையேயுள்ள தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு! பாகவதர் நாலு கட்டையில் பாடியிருந்தால் நாலரையை நெருங்கிக் கேட்கும். அந்நாடாவிலிருந்து ஒலியை எடுப்பவர் வேகத்தைக் குறைத்து மூல சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் எடுத்தால், பாதுகாப்பது மூலத்தையன்று, அதன் போலியையே.

காலம் காத்திராது

லேஸர் தட்டு இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு சரியில்லாத தட்டுகளில் உள்ளேயுள்ள அலுமினியப் பூச்சு காற்றும் ஈரமும் பட்டு அரிக்கிறது. படத்தில் புள்ளிகள் தெறிக்கின்றன, ஒலி சிதறுகிறது. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்கிறது. நமது நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடிக்கிறது. பயனீர் கம்பெனி லேஸர் தட்டு யந்திரங்களைச் செய்வதை நிறுத்துவதாக 2009-ல் அறிவித்தது. வி.எச்.எஸ். யந்திரங்களைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய புனாய் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. உதிரிச் சாமான்களுக்காக ஒரு யந்திரத்தைக் கொன்று மற்றொன்றை வாழவைக்கும் நிலைமை வந்துவிட்டது.

இந்த நிலைமையிலும் சிலர் அரிய காரியங்களைச் செய்கிறார்கள். பி.பி.ஸி. 1986-ல் பிரிட்டிஷ் ஜனங்களின் வாழ்க்கையை லேஸர் தட்டுகளில் பதிந்து டோம்ஸ்டே என்று பெயரிட்டது. சில வருஷங்களிலேயே அவற்றைப் படிக்கும் யந்திரம் அருகிப்போயிற்று. அத்தட்டுகளை மீட்பதற்காக ஸைமன் இன்ஸ் என்பவர் ஒரு கருவி செய்தார். யந்திரத்தின் லேஸர் கண் தட்டில் வாசிக்கும் மின்னலைகளை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, படத்தையும் ஒலியையும் பின்னால் நிதானமாகப் பிரித்தெடுப்பது அதன் முறை. இப்போது ரஸிகர்கள் சினிமாத் தட்டுகளுக்கும் அதைக் கையாளுகிறார்கள்.

எடுப்பதிலும் ஒழுக்கம் வேண்டும். இரைச்சலை நீக்குகிறோம் என்று நாயனத்தின் சீவாளி நாதத்தையும் சேர்த்து நீக்கிவிடக் கூடாது. எடுத்தபடியே ஒரு பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, திருத்தத்தை வேறு பிரதியிலேயே செய்ய வேண்டும். எந்தத் தட்டு, எந்த வருஷத்துப் பதிப்பு, எந்த யந்திரம் என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். பழைய தட்டு என்பதனாலேயே அதிலுள்ளது மூல ஒலி என்றும் முடிவுகட்டலாகாது. மேலே சொன்ன 1993 'ஸ்டார் வார்ஸ்' தட்டின் ஒலியிலேயே சில திருத்தங்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

நீதிஸ்தலத்தில் ஒரு பத்திரத்தை நிரூபிக்க மூலத்தையே தாக்கல் செய்ய வேண்டும். மூலம் அழிந்துவிட்டதென்றோ, எதிரியின் கையில் இருந்து அவர் நோட்டீஸ் கொடுத்தும் தர மறுக்கிறார் என்றோ காட்டினால், நகலைச் சாக்ஷியமாக ஏற்பார்கள். 1872-ம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தின் இந்த விதி, அதன் ஸ்தானத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்திலும் நிலைத்திருக்கிறது. லேஸர் தட்டும் வீடியோ நாடாவும் அப்படிப்பட்ட இரண்டாந்தரச் சாக்ஷியமே. மூலம் வெளிவரும் நாளில் அவை ஒதுங்கிக்கொள்ளலாம். அது வராத வரையில் அவற்றை அழியவிடுவது வழக்கையே இழப்பதாகும்.

ஒலியைச் செய்தவன் தன் வேலை சிதைவதைத் தடுக்கலாமே என்று கேட்கலாம். நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, படைப்பைச் சிதைப்பதை ஆட்சேபிக்க ஆசிரியனுக்கு உரிமை தருகிறது. ஆனால் சினிமாப் படத்துக்கு ஆசிரியன் யார்? தயாரிப்பாளர் என்கிறது அதே சட்டம். டைரக்டருமல்ல, ஒலிப்பதிவாளருமல்ல. மாற்றுகிறவரும் பெரும்பாலும் தயாரிப்பாளரே. ஆட்சேபிக்க உரியவரும் அவரே! 2012-ல் செய்த திருத்தம் பாடகர், நடிகர் முதலியோருக்குத் தங்கள் நிகழ்ச்சி சிதைவதைத் தடுக்க ஓர் உரிமை தந்தது. ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்தவனுக்கு அதுவும் இல்லை.

அதே 2012 திருத்தம் வேறொரு நன்மையும் செய்தது. லாப நோக்கமற்ற பொது நூல்நிலையம் தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று இருக்குமானால், பாதுகாப்புக்காக அதை டிஜிட்டல் முறையில் சேமித்து வைக்கலாம் என்றது. நாடாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். லேஸர் தட்டிலோ படம் பழைய முறை, ஒலி டிஜிட்டல். அது டிஜிட்டல் பிரதியா, அல்லாததா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதிக்கலாம். இத்தகைய ஐயத்துக்கு இடமின்றி, வழக்கொழிந்த சாதனம் எதுவாயினும் அதிலிருந்து பாதுகாப்புப் பிரதி எடுக்கலாம் என்று பார்லிமெண்ட் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

இது திருட்டு வியாபாரத்துக்கு வழி திறக்கும் என்று முதலாளிகள் அஞ்சலாம். திருடர்களைப் பிடிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன. பூட்டிய நூல்நிலையத்தில் ஒரு பிரதி இருப்பதனால் யாருடைய வருமானமும் குறையாது. இக்கால ரஸிகருக்குப் பழைய ஒற்றைத் தட ஒலி பிடிக்காது என்பது மற்றோர் ஆட்சேபம். புதிய ஒலியை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. 'ஜாஸ்' படத்துக்கு 2012-ல் செய்ததுபோல இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், விரும்பியவர் விரும்பியதைக் கேட்டுக்கொள்வார். கோபுரத்துக்கு வர்ணம் பூசலாம். அதற்காகக் கல்வெட்டைச் செதுக்கி எறிவது எந்தத் திருப்பணியில் சேர்ந்தது?

நமது வீட்டு நிலைமை

இதுகாறும் அந்நிய தேசப் படங்களைப் பற்றிச் சொன்னோம். அவற்றின் கம்பெனிகளுக்குப் பெட்டகங்களாவது இருக்கின்றன. நமக்கு? 1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964-ல் ஏற்பட்டது. 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கார்ப்பரேஷனோடு இணைக்கப்பட்டது. ஆயினும் வெளியாகும் படம் ஒவ்வொன்றின் பிரதியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. புஸ்தகங்களுக்கு 1954-லேயே அத்தகைய சட்டம் செய்தோம். அதன்படி நூல் ஒவ்வொன்றும் கொல்கத்தா தேசிய நூல்நிலையத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூல்நிலையங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். பிரான்ஸில் 1992-ம் வருஷத்துச் சட்டப்படி வீடியோப் பதிப்புகளும் ஒலிப்பதிவுகளும் ரேடியோ, டெலிவிஷன் நிகழ்ச்சிகளுங்கூடத் தேசத்தின் சேமிப்பில் சேருகின்றன. பத்து ரூபாய்ப் பஞ்சாங்கத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பைக் கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படத்துக்குக் கொடுக்கவில்லை.

1980-களிலும் 1990-களிலும் தமிழ்ப் படங்கள் நாடாக்களாகக் கடல் கடந்தன. சிங்கப்பூரிலும் மலேயாவிலும், இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் வாழும் லண்டன், பாரிஸ், டொராண்டோ நகரங்களிலும் தமிழர் கடைகளில் அவை வாடகைக்கு ஓடின. சில படங்கள் லேஸர் தட்டாகவும் வந்தன. நெகடிவ் கெட்டுப்போன படத்தின் ஒலி அந்தக் கடைகளில் எஞ்சிய பெட்டி ஒன்றில் இன்னும் பிழைத்திருக்கக் கூடும். பரண்மேல் கிடக்கும் நாடாக்களைக் குப்பை என்று எறிவதற்கு முன் இதை ஒரு கணம் நினைக்க வேண்டும். ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டுப் பின்னர் அச்சுப் போடச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த சரித்திரம் நமக்கு உண்டு. ஒரு தடவை பெற்ற பாடம் போதும்.

ஆகவே மூன்று காரியங்கள் உடனே நடைபெற வேண்டும். முதலாவது, பழைய படத்தைப் புதுப்பித்து வெளியிடும் ஒவ்வொரு கம்பெனியும் மூல ஒலியையும் உடன் வைக்க வேண்டும். மாற்றியது எது என்பதைப் பெட்டியின்மேல் சொல்ல வேண்டும். இரண்டாவது, சர்க்கார் காப்பகமும் பெரிய நூல்நிலையங்களும் நாடாக்களையும் தட்டுகளையும், அவற்றை ஓட்டும் யந்திரங்களையும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த தொழிலாளிகளையும் இப்பொழுதே சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, படத்துக்கும் ஒப்படைப்புச் சட்டம் வேண்டும். 1950-களில் வெளியான நமது படங்களுக்கு 60 வருஷப் பதிப்புரிமைக் காலம் தீர்ந்துவிட்டது. அப்படங்களிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

படத்தை மீட்பவர்கள் ஒலியை மாற்றுவது, ஒருவருடைய முகத்தைக் காப்பாற்றி அவர் குரலைப் பறிப்பதற்குச் சமானம். யந்திரங்கள் இன்னும் சில ஓடுகின்றன. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவை நின்றுவிட்ட பிறகு எத்தனை லக்ஷம் கொட்டினாலும் அந்தக் குரல் திரும்பாது. உரியவர்கள் தாமதமின்றிச் செயலில் இறங்குவார்களாக.